நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய்

என் மாமாவைப் பார்த்து ஒரு மைதானமே முதன்முதலில் சத்தம் போட்டது கைதட்டுவதற்காக அல்ல, சிரிப்பதற்காக. அந்தச் சிரிப்புக்குக் காரணம் நான் கொண்டுபோன நாலு தேசிக்காய். எலுமிச்சம்பழம் என்று உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அது தேசிக்காய்தான், இன்றைக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது இருக்கும். லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அப்பா, அம்மா, மாமா, நான் என்று நாலு பேர் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் இருந்து எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். அதனால் அவர் இந்தக் கதைக்குள் அதிகம் வரமாட்டார்.

மாமா எங்கே போனாலும் ஓரமாக நிற்கிற மனிதர். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது யாருடைய தோளுக்காவது பின்னால் போய்விடுவார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விசா விஷயமாகக் குரோய்டனில் இருக்கும் பெரிய கட்டடத்துக்குப் போகிற நாட்களில், பேர் கூப்பிடும்வரை தலையை நிமிர்த்தாமல் இருந்துவிட்டு வருவார் என்று அப்பா சொல்லுவார். அப்படிப்பட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கார் ஓட்டினார் என்றால் நம்புவீர்களா?

ரேஸ் என்றதும் தொலைக்காட்சியில் வரும் பளபளப்பான கார்களை நினைக்காதீர்கள். இதற்கு ஸ்டொக் கார் ரேஸ் என்று பேர். விம்பிள்டன் பக்கம் நாய்கள் ஓடும் மைதானம் ஒன்று இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் நாய்களுக்குப் பதிலாக அங்கே கார்கள் ஓடும். ரோட்டுக்கு இனி உதவாது என்று கழித்த கார்களின் கண்ணாடி, லைற் எல்லாவற்றையும் கழற்றி, கதவுகளை வெல்டிங் பண்ணி மூடி, ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் குழாயால் ஒரு கூடு அடித்துக் கொண்டுவருவார்கள். ஓடும்போது பக்கத்துக் காரை இடிக்கலாம். இடித்தால் குற்றம் இல்லை. இடிக்காமல் ஓடினால்தான் சனத்துக்குக் கோபம் வரும்.

மாமா வேலை செய்த கராஜின் முதலாளி ஒரு வெள்ளைக்காரர். கார் அவருடையது. கூரையில் பெரிய எழுத்தில் தன் கராஜின் பேரை எழுதிவைத்து, ஓட்டுவதற்கு மாமாவை விட்டிருந்தார்.

முதலாளியின் வான் வண்டியில் ஏறி நானும் ஒவ்வொரு முறையும் போவேன். போன இரண்டு மூன்று தடவைகளிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். சனம் காரைப் பார்க்க வருவதில்லை. ஆளைப் பார்க்க வருகிறது. டொஃபிக்காரர் என்று ஒரு கிழவர் இருந்தார். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு ரை, கையில் வெள்ளை உறை. காரில் ஏறுமுன் வேலியோரமாக நடந்து பிள்ளைகளுக்கு டொஃபி எறிவார். அவர் ஒருநாளும் வென்றதை நான் காணவில்லை. ஆனால் அவருடைய கார் நின்றுபோனால் பாதி மைதானம் அழும். பிறகு புல்டோசர். அது அவனுக்குச் சனம் வைத்த பேர். கையில்லாத தோல் சட்டை, புஜம் முழுக்கப் பச்சை குத்தியிருப்பான். அவன் வந்தால் எல்லோரும் ஊ என்று கத்திக் கூக்காட்டுவார்கள். அவனோ காதுக்குப் பின்னால் கையை வைத்து, போதாது, இன்னும் கத்துங்கள் என்று கேட்பான். அவனை வெறுப்பதற்காகவே காசு கொடுத்து வந்தவர்கள் இருந்தார்கள். நானும் அதில் ஒருவன்தான், காசு கொடுக்காத ஒருவன்.

மாமாவின் காருக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும்தான். அவர் இடைவெளி பார்த்து மீன் மாதிரி நுழைந்து போவார். மூன்றாவதாக வருவார், நாலாவதாக வருவார். பிறகு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் காரோடு உள்ளே போய்விடுவார். ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவருக்கு மாமாவின் பேர் வாயில் நுழையவில்லை. "சாம்பல் கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவிவிடுவார்.

கோடை முடிகிற நேரம், திரும்பி வரும் வழியில், முதலாளி வானை ஓட்டிக்கொண்டே மாமாவிடம் சொன்னார். உன் ஓட்டத்தில் பிழை இல்லை, ஆனால் நீ போகும்போது ஒருவரும் தலை திருப்புவதில்லை, தலை திருப்பாவிட்டால் என் கராஜின் பேரை யார் வாசிப்பது என்று கேட்டார். நவம்பரில் கடைசி ரேஸ். அதற்குள் சனம் உனக்காகக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் கார் வேறொருவனுக்கு.

மாமா சரி என்று மட்டும் சொன்னார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முழங்காலில் இருந்த கை மட்டும், ஓட்டுவது தான்தான் என்பதுபோல, கியர் மாற்றிக்கொண்டே இருந்தது.

அந்தக் கையைப் பார்த்தவுடன் நான் தீர்மானித்துவிட்டேன். மாமாவிடம் இருந்து அந்தக் காரை யாரும் எடுக்க முடியாது. அதற்குச் சனம் வேண்டுமென்றால் சனத்தை நான் கொண்டுவருவேன்.

அன்றைக்கே தொடங்கினேன்.

"மாமா, நீங்கள் ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டுச் சனத்தைப் பாக்கோணும். டொஃபிக்காரர் அப்பிடித்தான் செய்யிறவர்."

"என்ர மூஞ்சையைப் பாத்து என்னடா செய்யப்போறாங்கள்? கையில வச்சிருக்கிற பால்தேத்தண்ணி புளிச்சுப்போகும்."

"அப்ப கையெண்டாலும் காட்டுங்கோ."

"ஒரு கை ஸ்டியரிங்கில, மற்றக் கை கியரில. மூண்டாவது கை இருந்தாத் தா மருமோன், காட்டுறன்."

பகிடி விட்டே தப்பிவிடுவார். நான் விடவில்லை. ஒரு கிழமை முழுக்கக் கேட்டேன். பல் தீட்டும்போதும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா ஒருநாளும் ரேஸுக்கு வந்ததில்லை. அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. கீழே கடையின் ஷட்டரை இழுத்து மூடினால்கூட என் தோளைப் பிடித்துக்கொள்வார். நவம்பரில் ஊரெல்லாம் வாணவேடிக்கை விடும்போது திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, றேடியோவைக் கூட்டிவைத்துக்கொண்டு குசினியில் அடுப்படியிலேயே இருப்பார். தம்பி ரேஸ் ஓடுவதும் பிடிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று அம்மாவிடம் இருந்தது.

"புது வாகனம் எடுத்தாக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யிறேல்லையே? நீ என்னெண்டடா அப்பிடியே ஏறி ஓடுறாய்?"

"அக்கா, அது புதுசில்லை. குப்பைக்குப் போன கார்."

"உனக்குப் புதுசுதானே."

"லைற்றும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ரோட்டில ஓடேலாது. ஆர்ச்வேக் கோயிலுக்குக் கொண்டுபோனா ஐயர் வாறதுக்கு முன்னம் பொலிஸ் வந்திடும்."

அம்மா கொஞ்சநேரம் வெங்காயம் வெட்டினார். பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். "கார் கோயிலுக்கு வரேலாதெண்டால் கோயில் காருக்கு வரட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, நோர்தேர்ன் லைன் ரயில் பிடித்து, ஆர்ச்வேயில் இறங்கி, மேட்டில் ஏறி முருகன் கோயிலுக்குப் போய்வந்தார். அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுத்த நாலு தேசிக்காயை என்னிடம் தந்தார். எங்கள் ஊரின் சின்னப் பச்சைக்காய் அல்ல, இந்த ஊரின் பெரிய மஞ்சள் பழம்.

"நாலு சில்லுக்குக் கீழயும் நாலு. கார் வெளிக்கிடேக்க நசியோணும், அப்பதான் கண்ணூறு கழியும். விளங்கிச்சே? மறந்தியெண்டால் வீட்டுப் பக்கம் வராதை."

மறப்பேனா? ஆனால் அந்த ஞாயிறு கார்களை வரிசைப்படுத்தும் இடத்தில் ஒரே அமளி. முதலாளி என்னை அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ என்று துரத்தினார். பார்த்தால் மாமாவின் கார் ஓடுபாதைக்குப் போகும் வாசலில் போய் நிற்கிறது. வாசலுக்கு நேரே சனம் நிறைந்த மேடை. வீட்டுக்கு வராதை என்ற சொல் காதில் கேட்டது. ஓடினேன். முன் சில்லுக்கு ஒன்று, மற்றப் பக்கம் ஒன்று, பின்னால் இரண்டு.

செம்மஞ்சள் மேலங்கி போட்ட அதிகாரி ஒருவர் என் கொலரைப் பிடித்துத் தூக்கினார். என்ன வைத்தாய் என்று கத்தினார். குனிந்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பார்த்தார். ஒலிபெருக்கிக்காரர் அதைக் கண்டுவிட்டார். பெண்களே கனவான்களே, எங்கள் அதிகாரியின் கையில் இருப்பது ஒரு லெமன் என்று அறிவித்தார். மைதானம் சிரித்தது. நான் அழுதுகொண்டே, திரும்ப வையுங்கள், திரும்ப வையுங்கள், அது என் அம்மா தந்தது என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, மெதுவாகக் குனிந்து இருந்த இடத்திலேயே வைத்தார். மாமா காரை எடுத்தார். நாலும் நசிந்தன. முன் சில்லில் இருந்து சாறு பீறிட்டு அதிகாரியின் காற்சட்டையில் அடித்தது.

சிரிப்புக் கைதட்டலாக மாறியதை என் காதால் கேட்டேன். ஒலிபெருக்கிக்காரருக்கும் நிம்மதி. சொல்ல முடியாத பேருக்குப் பதிலாக ஒரு பேர் கிடைத்துவிட்டது. அன்றில் இருந்து மாமா "லெமன்".

"நல்ல வேலை பாத்தாய் மருமோன்," என்றார் மாமா, வானில் வரும்போது. "இனி லண்டன் முழுக்க நான் தேசிக்காய்தான்." முகம் சிவந்திருந்தது. எனக்கு அது பெருமையாகப் பட்டது.

அடுத்த ரேஸுக்குள் முதலாளி காரை மஞ்சளாக அடித்துவிட்டார். லெமன் பையன் எங்கே என்று ஒலிபெருக்கி என்னைக் கூப்பிட்டது. நான் பழத்தோடு வாசலுக்கு நடந்தபோது பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். மாமா ரேஸ் ஓடுகிறார் என்றால் பொய் என்று சொன்ன என் வகுப்புப் பெடியன்கள் தங்கள் தகப்பன்மாரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு மனிசி மஞ்சள் தொப்பி பின்னிப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு எல்லா வெள்ளியும் ஆர்ச்வே. மாமா மட்டும் மாறவில்லை. ஹெல்மெட்டோடு வருவார், ஹெல்மெட்டோடு போவார்.

சனம் ஒருவருக்குச் சேர்ந்தால் புல்டோசர் சும்மா இருப்பானா? ஒக்டோபரில் ஒருநாள், ரேஸ் தொடங்குமுன் தன் காரில் இருந்து இறங்கி வந்தான். மாமாவின் முன் சில்லுக்குக் கீழ் இருந்த பழத்தை எடுத்தான். தோலோடு கடித்தான். சப்பி விழுங்கி, கொட்டைகளைச் சனத்தின் பக்கம் துப்பினான். காதுக்குப் பின்னால் கையை வைத்தான். அப்படி ஒரு கூச்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த ரேஸில் அவன் மாமாவை இடித்துச் சுவரில் சேர்த்தும்விட்டான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறைப்பாடு வைத்தேன்.

"கோயில் பழத்தையோ?"

"ஓமம்மா. தோலோட."

"விழுங்கினவனோ, துப்பினவனோ?"

"விழுங்கிப்போட்டான். கொட்டையை மட்டும் துப்பினவன்."

அம்மா யோசித்தார். "அப்ப அவனுக்கும் ஒண்டும் நடக்காது," என்றார்.

மாமாவுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. எனக்குச் சிரிப்பே வரவில்லை. அதற்கடுத்த முறை அதைவிட மோசமான ஒன்றைக் கண்டேன். கார்கள் நிற்கும் இடத்தில், புல்டோசரின் காருக்குக் கீழே கிடந்து மாமா ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவன்ர காரை நீங்கள் ஏன் திருத்திறீங்கள்?"

"என்ர கார் நெளிஞ்சதைத் தட்டி நிமித்தினது ஆர்? அவன்தானே."

"அவன் கூடாதவன்!"

"போய் அந்தப் பதினாலு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வா," என்றார் மாமா.

எடுத்துக் கொடுக்கவில்லை. நான் வேறு பக்கம் போய் நின்றேன்.

கடைசி ரேஸ் வந்தது. முடிவில் வாணவேடிக்கை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அப்படியிருக்க, தானும் வாறன் என்று அம்மா சொன்னது எனக்கு அதிசயம். "அந்தப் பழந்திண்டவனை நானும் ஒருக்காப் பாக்கோணும்," என்றார். சேலைக்கு மேல் பெரிய கோட், காதை மூடி மஃப்ளர், மடியில் பழப்பை. மூன்றாவது வரிசையில் என்னோடு இருந்தார். என்ஜின்கள் உறுமியவுடன் கண்ணை மூடினார். பிறகு திறந்தார். பிறகு மூடவில்லை.

பழங்களை நான் வைத்தபோது முதல் நாள் என்னைப் பிடித்த அதே அதிகாரி கைகட்டி மரியாதையாக நின்றார். ரேஸ் தொடங்கியது. சில சுற்றுகளிலேயே மாமா முன்னுக்கு வந்துவிட்டார். "லெமன்! லெமன்!" என்று மேடை அதிர்ந்தது. முதலாளி தன் வானின் கூரையில் ஏறி நின்று கையாட்டினார். இன்னும் இரண்டு சுற்று. வென்றுவிட்டோம் என்று நான் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

வளைவில் புல்டோசர் வந்தான். மாமாவின் பின்பக்கத்தில் மோதினான். மஞ்சள் கார் சுழன்று, சுவரில் ஏறி, புரண்டு, தலைகீழாக விழுந்தது. சில்லுகள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

சிவப்புக் கொடி காட்டினார்கள். கார்கள் எல்லாம் நின்றன. அத்தனை சனத்திலும் ஒரு சத்தம் இல்லை. அம்மா எழும்பி நின்றார். என் தோளில் அவருடைய விரல்கள் இறங்கியது மட்டும் தெரிந்தது. எல்லோருக்கும் முதல் மாமாவின் காரை நோக்கி ஓடியது புல்டோசர்தான். இன்னும் அடிக்கப் போகிறான் என்று நினைத்து நான் அவனைத் திட்டினேன்.

அவன் குனிந்து கையை உள்ளே விட்டான். ஜன்னலால் முதலில் ஒரு கை வந்தது. பிறகு ஹெல்மெட். பிறகு மாமா ஊர்ந்து வந்து, அவனுடைய தோளைப் பிடித்து எழும்பி நின்றார்.

நின்றவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. மூக்கில் கொஞ்சம் இரத்தம். மேடையை நிமிர்ந்து பார்த்தார், யாரையோ தேடுவதுபோல. பிறகு கையை உயர்த்தி, தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டினார், ஒன்றும் இல்லை, பார் என்பதுபோல.

மைதானம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. சனம் கொண்டுவந்து எறிந்த மஞ்சள் பழங்கள் ஓடுபாதையில் உருண்டன. டொஃபிக்காரர் ஹோர்னை அழுத்திப்பிடித்தபடி இருந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் மாமா நான் சொன்னதைக் கேட்டுவிட்டார், ஹெல்மெட்டைக் கழற்றிச் சனத்தைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. பக்கத்தில் அம்மாவும் கையைப் பாதி உயர்த்தி, போதும், காணும், இரு என்று சொல்வதுபோல இறக்கினார். அம்மாவும் ரசிகையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

ரேஸில் வென்றது யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. அடுத்த வருடமும் கார் உனக்குத்தான் என்று முதலாளி மாமாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். அப்போது புல்டோசர் வந்தான். கையைத் துணியில் துடைத்து மாமாவுக்குக் கொடுத்தான். அம்மாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, பயப்படுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று சொன்னான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான். நான் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"கையைக் குடடா," என்றார் மாமா.

கொடுக்கவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போனான்.

வானில் ஏறும்போது வாணவேடிக்கை தொடங்கியது. முன்னால் முதலாளி விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். பின்னால் பழைய ரயர்களுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேர்.

"ஏன்ரா உனக்கு இந்த விளையாட்டு?" என்று கேட்டார் அம்மா. "இடியும் சத்தமும் அங்க ஊரில கேட்டது காணாதே?"

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அங்க இடிச்சவன் ஆரெண்டே தெரியாதக்கா. இஞ்ச இடிச்சவன் இறங்கி ஓடிவந்து கை தாறான்."

வெளியே படீர் படீர் என்று வெடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கை என் தோளுக்கு வரவில்லை. மாமாவின் காற்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தது. நானோ அடுத்த வருடம் காரின் கதவில் எவ்வளவு பெரிய தேசிக்காய்ப் படம் கீறலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பனிக்காலம் போய் ரேஸ் திரும்பத் தொடங்கியது. அம்மா வெள்ளிக்கிழமை ஆர்ச்வேக்குப் போய்வந்தார். பையைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பழம்.

"அம்மா, பிழையாக் கொண்டுவந்திட்டீங்கள். காருக்கு நாலு சில்லுத்தானே."

"மற்றக் காருக்கும் நாலு சில்லுத்தானே," என்றார் அம்மா, சட்டி கழுவிக்கொண்டே.

"எந்த மற்றக் கார்?"

அம்மா சொன்னார். நான் எவ்வளவோ சண்டை பிடித்தேன். அவன் யார், எங்களை என்ன செய்தவன் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வச்சிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு மாமாவின் காருக்கு வைத்தபின், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு புல்டோசரின் காருக்கு நடந்தேன். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன். அவன் அன்றைக்குக் காதுக்குப் பின்னால் கை வைக்கவில்லை, ஒன்றும் செய்யாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கூக்காட்டுவதா கைதட்டுவதா என்று சனத்துக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.